கசடு எப்படி ஆறியது என்று டெண்டரில் கேளுங்கள்: தமிழகத் தலைமைப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலைத்துறைத் தலைமைப் பொறியாளர்களுக்கும், அரசுப் பணிகளுக்கான விலைவிகிதப் பட்டியலையும் தொழில்நுட்ப விவரக்குறிப்புகளையும் வகுக்கும் அலுவலர்களுக்கும், வணக்கம்.

இரும்பாலைகளிலிருந்து உருகிய நிலையில் வெளிவரும் கசட்டை மணலாகவும் ஜல்லியாகவும் சிமெண்டோடு கலக்கும் தூளாகவும் மாற்றி, அரசுக் கட்டுமானங்களில் முறையாகப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஓர் உருக்காலையின் கசடு கையாளும் பிரிவில் கழிந்தது; ஓய்வுபெற்ற பின் கான்கிரீட், ஜல்லி ஆகியவற்றின் தரச்சோதனையில் ஈடுபட்டு வருகிறேன். பொருள் பிறக்கும் இடத்தையும் அது போய்ச்சேரும் இடத்தையும் பார்த்தவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன். கசடு நல்ல கட்டுமானப் பொருளாகுமா, வீட்டின் தளத்தைப் பிளக்கும் பொருளாகுமா என்பது, உலையை விட்டு வெளியே வந்தபின் அது ஆறுகிற விதத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதை எந்த விதத்தில் ஆறவிடுவது என்பதையோ, வாங்குபவர் என்ன கேட்கிறார் என்பதைப் பார்த்தே ஆலை முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் மணலும் ஜல்லியும் சிமெண்டும் பெருமளவில் வாங்குவோரில் முன்வரிசையில் நிற்பவை உங்கள் இரு துறைகளும்தான். ஆகவே, டெண்டரில் நீங்கள் எழுதும் ஒரு வரிக்கு ஊதுலையின் வாயில் நடப்பதையே மாற்றும் வலிமை உண்டு.

ஊதுலையில் இரும்புத்தாதுவும் கோக் கரியும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து உருகும்போது, தாதுவிலும் கரிச்சாம்பலிலும் உள்ள மணற்சத்தையும் அலுமினாவையும் சுண்ணாம்பு தன்னோடு இழுத்துக்கொண்டு கசடாகிறது. உருகிய இரும்பைவிட அது மிகவும் இலேசானது. அதனால் மேலே மிதக்கிறது. உலையைத் திறந்ததும் இரண்டும் சேர்ந்தே ஓடிவரும். வாய்க்காலின் குறுக்கே வைத்த தடுப்பில் இரும்பு அடியில் நுழைந்து ஒரு பக்கமும், கசடு வழிந்து மறுபக்கமும் பிரியும். அப்போது கசட்டின் வெப்பம் ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ். அந்த வாய்க்காலின் முடிவில் உயர் அழுத்தத் தண்ணீர்த் தாரைகள் காத்திருக்கின்றன. தேன் நிறத்தில் ஓடிவரும் கசடு அந்தத் தாரைகளில் விழுந்த மறுகணமே சிதறி, நொறுங்கி, வெளிர்மஞ்சள் நிற மணலாகிக் கீழே இறங்குகிறது. அழுகிய முட்டை நாற்றத்தோடு நீராவி மேலே எழுகிறது. கையில் எடுத்து வெயிலில் பிடித்தால் அந்த மணற்குருணைகள் கண்ணாடித்தூள் போல மினுங்கும். தோற்றத்தில் மட்டுமல்ல, உள்ளமைப்பிலும் அது கண்ணாடியே.

அந்தக் கண்ணாடித் தன்மைக்குத்தான் மதிப்பு. உருகிய நிலையில் ஒழுங்கின்றி அலைந்த அணுக்களுக்குப் படிகமாக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைப்பதற்குள் குளிர் அவற்றை அப்படியே உறைய வைத்துவிடுகிறது. அடைபட்ட அந்த ஆற்றல், தூளாக அரைத்து, சிமெண்ட் நீரோடு சேரும்போது வெளிப்படும் சுண்ணாம்பின் தூண்டுதல் கிடைத்ததும், கெட்டிப்பட்டு வலிமை தரும் வேதிவினையாக வெளிவருகிறது. அதே கசட்டைக் குழியில் ஊற்றித் தானாக ஆறவிட்டால் படிகமாகிப் பாறையாக இறுகிவிடும். உடைத்து ஜல்லியாக்கலாம், ஆனால் சிமெண்டாக்க முடியாது. வேதிப்பொருள்கள் ஒன்றே, விகிதமும் ஒன்றே. வேறுபாடு ஆறிய வேகத்தில் மட்டுமே. ஜெர்மனியில் எமில் லாங்கன் 1862-இல் இந்த உண்மையைக் கண்டறிந்தார். அதன் பின்னரே உலைக்கசடு சிமெண்ட் தொழிலின் மூலப்பொருளானது.

இந்த இடத்தில் வேலை செய்வோரைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். கசட்டோடு இரும்பு கலந்து தண்ணீரில் விழுந்தால் வெடிக்கும். ஈரம் தேங்கிய குழியில் கசட்டை ஊற்றினாலும் வெடிக்கும். அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி மேலிருக்கும் நெருப்பைத் தூக்கி எறியும். ஒழுங்கான தாரை அமைப்பும், காய்ந்த குழியும், மூடிய ஆவிபோக்கியும் ஆலைக்குச் செலவு வைப்பவை. விளைபொருளுக்கு நல்ல விலை தரும் வாங்குநர் இருந்தால்தான் அந்தச் செலவு தொடர்ந்து நடக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தண்ணீர் இல்லாமல், சுழலும் தட்டில் ஊற்றிக் காற்றால் குருணையாக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் வளர்த்தெடுத்திருக்கிறது. ஒரு டன் கசட்டில் சுமார் 60 கிலோ நல்ல நிலக்கரியின் வெப்பம் அடங்கியிருப்பதால், அதை மீட்க முடிந்தால் பெரிய பலன். ஆனால் அது இன்னும் பரவலாகவில்லை; இன்றைய நம் வேலைக்குத் தண்ணீர்த் தாரையே போதும்.

ஊதுலைக் கசட்டை வாங்குபவர் உருவான வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. கசடு கலந்த சிமெண்டான ஸ்லாக் சிமெண்டுக்குரிய இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 455, 25 முதல் 70 விழுக்காடு வரை கசடு சேர்க்க இடம் தருகிறது. அதற்கான குருணைக் கசட்டில் கண்ணாடி அளவு 85 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்று ஐ.எஸ். 12089 சொல்கிறது. ரெடிமிக்ஸ் நிலையங்களில் ஜிஜிபிஎஸ் என்று அழைக்கப்படும் அரைத்த தூளுக்கு 2018-இல் ஐ.எஸ். 16714 வந்தது. சிமெண்ட் ஆலைகள் கண்ணாடி அளவைக் கேட்டன, சோதித்தன, குறைந்தால் திருப்பி அனுப்பின. அதனால் ஆலைகளும் தண்ணீர்த் தாரை அமைப்புகளை நிறுவின. ஒரு காலத்தில் மலைமலையாகக் குவிந்து கிடந்த பொருள், தேடி வாங்கப்படும் பொருளாக மாறியதற்கு இதுவே காரணம். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் ஊதுலையோடு இயங்கும் ஆலை நம் மாநிலத்திலேயே இருக்கிறது. விசாகப்பட்டினமும் பெல்லாரிப் பகுதியும் அதிகத் தொலைவில் இல்லை. சரக்கு கிடைக்காது என்று சொல்வதற்கில்லை.

இந்தப் பொருள் நம் மாநிலத்துக்கு ஏன் குறிப்பாகப் பொருந்தும் என்பதற்கு நம் கடற்கரையே போதுமான காரணம். பழவேற்காடு முதல் குமரி வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரையோரத்தில் அரசு கட்டிய குடியிருப்புகளையும் பள்ளிகளையும் பாலங்களையும் பார்த்தால், கம்பி துருப்பிடித்து ஊதி, மூடியிருந்த கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். உப்புக்காற்றின் குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக ஊடுருவிக் கம்பியை அடைவதே இதற்குக் காரணம். போதிய அளவு கசட்டுத்தூள் கலந்த கான்கிரீட்டில் அந்த நுண்துளைகள் அடைபடுகின்றன. குளோரைடின் ஒரு பகுதியைக் கசட்டின் அலுமினா பிணைத்தும் வைத்துக்கொள்கிறது. சல்பேட் தாக்குதலையும் இது நன்றாகத் தாங்கும். பெரிய அடித்தளங்களையும் பாலத் தூண்களையும் வார்க்கும்போது உள்ளே ஏறும் வெப்பமும் குறைகிறது. உலோக அரிப்பை ஆராய்வதற்கென்றே பெயர்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நம் காரைக்குடியில் இருக்க, கடலோரப் பணிகளுக்குக் கசட்டுத்தூள் கட்டாயமா, விருப்பமா என்பதை ஒப்பந்ததாரரின் வசதிக்கு விட்டுவைப்பது சரியன்று என்பது என் கருத்து. கரியமில வாயுக் கணக்கும் உண்டு: ஒரு டன் சிமெண்ட் கிளிங்கர் தயாரிக்க ஏறக்குறைய 0.8 டன் கரியமில வாயு வெளியாகிறது. கசடோ ஏற்கெனவே உருகி முடித்து வந்த பொருள், அதைக் காய வைத்து அரைத்தால் போதும்.

ஆனால் கசட்டுத்தூளை விவரக்குறிப்பில் எழுதிவிட்டு, வேலைத்தளத்தில் பழைய வழக்கத்தையே நடக்கவிட்டால் கெட்ட பெயர் பொருளுக்குத்தான் வரும். இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் நான் சோதனைக்குப் போன இடங்களில் பெரும்பாலான புகார்கள் இங்கிருந்தே கிளம்பின. கசடு கலந்த கான்கிரீட் முதல் சில நாட்களில் மெதுவாகத்தான் வலுப்பெறும்; 28 நாட்களில் சமமாகும், அதன் பிறகு மிஞ்சும். சென்ட்ரிங்கைப் பழைய கணக்கில் பிரித்தால் தளம் தொய்யும். நீராற்றுவதைப் பொறுத்தவரை, சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்கள், கலப்பு சிமெண்டுக்கு 10 நாட்கள், வறண்ட வெப்பச் சூழலில் 14 நாட்கள் வரை தேவை என்று ஐ.எஸ். 456 பரிந்துரைக்கிறது. சேலத்திலும் வேலூரிலும் சித்திரை வெயிலில் வார்க்கும் தளத்துக்கு அந்த 14 நாட்களை விட்டுக்கொடுக்க முடியாது. காலையில் ஒருமுறை குழாய்த் தண்ணீர் அடித்துவிட்டு, சாக்கு உலர்ந்து கிடக்க விட்டால், மேற்பரப்பு மாவாக உதிரும். மேஸ்திரி அதைப் பார்த்து “சிமெண்ட் சரியில்லை சார்” என்பார். உண்மையில் சரியில்லாதது தண்ணீர். இன்னொன்று: பலகையைப் பிரித்த அன்று கசட்டுக் கான்கிரீட் சில சமயம் நீலம் கலந்த பச்சை நிறத்தில் தெரியும். கசட்டில் உள்ள கந்தகச் சேர்மங்களால் ஏற்படும் இந்த நிறம், காற்றுப் பட்டால் சில நாட்களில் வெளுத்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவைக்காததால், ஒரு பணியிடத்தில் இளநிலைப் பொறியாளர் ஒருவர் நல்ல தூண் ஒன்றை இடிக்கச் சொல்லும் நிலைக்குப் போய்விட்டார். உதவிப் பொறியாளர்களுக்கும் கொத்தனார்களுக்கும் அரை நாள் பயிற்சி வைத்தால் தீரக்கூடிய பிரச்சினை இது.

இனி, எஃகுக் கசடு. இங்கேதான் உங்கள் தலையீடு மிக அவசரமாகத் தேவைப்படுகிறது.

ஊதுலை இரும்பை எஃகாக மாற்றும் கன்வெர்ட்டரில், பாஸ்பரஸ் போன்ற வேண்டாத பொருள்களை நீக்குவதற்காகச் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டுகிறார்கள். சில நிமிடங்களில் முடியும் அந்த வேலையில் சுண்ணாம்பு முழுவதும் கரைந்து வினைபுரிவதில்லை. ஒரு பகுதி தனிச் சுண்ணாம்பாகவே கசட்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. பார்ப்பதற்கு அது கருங்கல்லைப் போலவும், அதைவிடக் கனமாகவும் உறுதியாகவும் இருக்கும். ஆனால் உள்ளே சிக்கிய அந்தச் சுண்ணாம்பு, ஈரம் பட்டதும் நீறி, தன் கனஅளவில் ஏறக்குறைய இருமடங்காக வீங்கும். மெக்னீசியம் ஆக்சைடும் அப்படியே வீங்கக்கூடியது. ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் காலம் பிடிக்கும். இந்தியாவில் ஒரு டன் எஃகுக்கு 150 முதல் 200 கிலோ வரை இந்தக் கசடு உருவாகிறது. ஆண்டுக்கு சுமார் 1 கோடியே 90 லட்சம் டன் என்று 2022-இல் மத்திய அரசு கணக்குச் சொன்னது. எஃகு உற்பத்தி வளர வளர இதுவும் பெருகும். ஊதுலைக் கசட்டுக்கு சிமெண்ட் ஆலை என்ற கண்டிப்பான வாங்குநர் வாய்த்ததுபோல், எஃகுக் கசட்டுக்கு யாரும் வாய்க்கவில்லை. கேட்பவர் இல்லாத பொருள் பள்ளம் நிரப்பவே போகிறது.

அப்படிப் போன ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு புதிய மனைப்பிரிவில் பள்ளமான மனைகளை மேடாக்க, ஆறி அதிக நாளாகாத எஃகுக் கசட்டை “கெட்டியான கிராவல்” என்று சொல்லி டிப்பர் லாரிகளில் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். அதன்மேல் கடன் வாங்கி வீடு கட்டியவர், மழைக்காலம் கழிந்தபின் என்னை அழைத்தார். கூடத்தின் நடுவில் தரை கூரையின் முகடுபோல் எழும்பி, டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டிக் கூடாரம் கட்டி நின்றன. பின்கட்டுக் கதவு சாத்த முடியாமல் இறுகிவிட்டது. ஒரு மூலையைத் தோண்டினோம். சாம்பல்நிறக் கற்களுக்கு நடுவே வெண்ணெய் போன்ற வெள்ளைத் திட்டுகள். விரலால் அழுத்தினால் பிசுபிசுத்தன. சுண்ணாம்பின் காரத்தைக் காட்டிக்கொடுக்கும் பினாப்தலீன் கரைசலைக் கையோடு கொண்டுபோயிருந்தேன்; அதில் ஒரு துளி விட்டதும் அந்த இடம் இளஞ்சிவப்பாக மாறிற்று. அவருக்கு நான் விளக்கம் சொல்ல முடிந்ததே தவிர, தீர்வு சொல்ல முடியவில்லை. கீழே உள்ள நிரப்பு முழுவதையும் அகற்றினாலொழிய வீக்கம் நிற்காது. விற்றவரிடம் ரசீதும் இல்லை, என்ன பொருள் என்று எழுதிய சீட்டும் இல்லை.

இதே கசடு, ஒழுங்காகப் பக்குவப்படுத்தப்பட்டால், கருங்கல் ஜல்லிக்குச் சற்றும் குறையாத சாலைப் பொருள். பக்குவம் என்பது பெரிய மர்மமன்று. இரும்பைக் காந்தத்தால் மீட்டுவிட்டு, உரிய அளவுக்கு உடைத்து, திறந்த வெளியில் மாதக்கணக்கில் நீர் தெளித்துப் புரட்டி வைத்தால் தனிச் சுண்ணாம்பு அங்கேயே நீறி முடித்துவிடும். இடமும் காலமும் இல்லாவிட்டால், குவியலுக்கு அடியில் நீராவியைச் செலுத்திச் சில நாட்களிலேயே முதிரவைக்கலாம். ஜப்பானில் நெடுங்காலமாக நடக்கும் இம்முறைக்கு, நம் நாட்டில் ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையும் வசதி அமைத்திருக்கிறது. குஜராத்தின் சூரத் அருகே ஹசீராவில், மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில், இயற்கை ஜல்லியே இல்லாமல் பக்குவப்படுத்திய எஃகுக் கசட்டைக் கொண்டு ஆறுவழிச் சாலை ஒன்றை 2022-இல் திறந்தார்கள். சுமார் ஒரு லட்சம் டன் கசடு அதில் போயிருக்கிறது. துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் போகும் கனரக லாரிகளே அதன்மேல் பெரும்பாலும் ஓடுகின்றன. வழக்கமான சாலையைவிட அதன் தடிமனும் குறைவு. அருணாசலப் பிரதேசத்தின் மழை மலையிலும் எல்லைச் சாலைகள் அமைப்பு இதைப் போட்டுப் பார்த்திருக்கிறது.

தரக்குறிப்பு இல்லை என்ற தடையும் 2016-இல் நீங்கிவிட்டது. ஜல்லிக்கும் மணலுக்குமான ஐ.எஸ். 383, அந்த ஆண்டின் திருத்தத்தில் இரும்பு, எஃகு, தாமிரக் கசடுகளைத் தனித்தனியே பிரித்து அளவு நிர்ணயித்தது. ஊதுலைக் கசட்டு ஜல்லி சாதாரணக் கான்கிரீட்டில் 50 விழுக்காடு, கம்பி போட்ட கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரை போகலாம்; எஃகுக் கசடு சாதாரணக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரை மட்டுமே, கம்பி போட்டதில் கூடவே கூடாது. வீக்கச் சோதனையில் 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் அதில் உண்டு. இந்தப் பிரிவினையை எழுதியவர்கள் கசட்டை நன்கு அறிந்தவர்கள். இதைத் தமிழகத்தின் விலைவிகிதப் பட்டியலிலும் மாதிரி டெண்டரிலும், ஒவ்வொரு வகைக்கும் தனி வரியாக, சோதனை முறையோடு கொண்டுவர வேண்டியதே உங்கள் பங்கு. பொதுவாக “ஸ்லாக்” என்று ஒரே சொல்லில் அனுமதித்தால், கம்பிக் கான்கிரீட்டுக்குள் எஃகுக் கசடு நுழைவதற்கு அதுவே வழியாகிவிடும். துருப்பிடிக்காத எஃகு ஆலைகளின் கசடு இவற்றிலிருந்தும் வேறுபட்டது. ஆறும்போதே மாவாக உதிரக்கூடியது, குரோமியம் கொண்டது. அதைத் தனிச் சோதனை இல்லாமல் எந்தப் பணிக்கும் ஏற்கக்கூடாது.

தூத்துக்குடியைக் குறிப்பிடாமல் தமிழ்நாட்டில் கசட்டைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. தாமிரம் உருக்கும்போது ஒரு டன் தாமிரத்துக்கு ஏறக்குறைய இரண்டு டன் கசடு வரும். இரும்பும் மணற்சத்தும் சேர்ந்த அந்தக் கருமணலை, ஐ.எஸ். 383 மணலுக்கு மாற்றாகக் கம்பிக் கான்கிரீட்டிலும் 35 விழுக்காடு வரை ஏற்கிறது. ஆனால் உப்பாற்றின் ஓரத்தில் அது கொட்டப்பட்டுக் கிடந்ததையும், அதன் மீதான வழக்குகளையும், 2018 மே மாதம் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் உயிரிழந்ததையும் கண்ட மக்களிடம், தரக்குறிப்பு எண்ணைக் காட்டி நம்பச் சொல்ல முடியாது. ஈயம், ஆர்செனிக் போன்றவை எவ்வளவு இருக்கின்றன, தண்ணீரில் எவ்வளவு கசிகின்றன என்ற கேள்வி அந்த மக்களின் உரிமை. கான்கிரீட்டுக்குள் கட்டுண்ட கசடும், ஆற்றங்கரையில் திறந்து கிடக்கும் கசடும் ஒன்றாகா. முதலாவதை அனுமதிக்கும் ஆணையிலேயே இரண்டாவதைத் தடுக்கும் வரியும் இருக்க வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் கசிவுச் சோதனை அறிக்கை மாவட்டவாரியாகப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும். இந்த நம்பிக்கையை மீட்காமல் எந்த வகைக் கசட்டையும் இங்கே பரவலாகக் கொண்டுவர இயலாது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் மக்கள் கண்ணுக்குக் கருப்பாகக் குவிந்திருக்கும் எல்லாமே ஒன்றுதான், அப்படி நினைப்பதற்கு அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது.

நடைமுறையில் ஒரு சிக்கலை நீங்கள் முன்கூட்டியே தீர்த்துவைக்க வேண்டும். நம் ஊரில் மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கில், அதாவது நூறு கனஅடியாக அளந்து விற்கப்படுகின்றன. எஃகுக் கசடும் தாமிரக் கசடும் கருங்கல்லைவிட மிகவும் கனமானவை. ஊதுலைக் கசட்டு மணல், கொட்டிய நிலையில், ஆற்று மணலைவிட இலேசானது, தாரையில் வந்த ஈரத்தையும் சுமந்து வரும். யூனிட் கணக்கில் எடுத்தால் ஒன்றில் லாரிக்காரர் நட்டப்படுவார், அல்லது அனுமதிக்கப்பட்ட பாரத்தை மீறுவார். டன் கணக்கில் எடுத்தால் ஈரத்துக்கும் சேர்த்து அரசு பணம் கொடுக்கும். கலவையிலும் இதே குழப்பம் வரும்: எடையில் ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் கனஅளவு தவறும். எனவே ஒவ்வொரு வகைக்கும் உலர்ந்த எடைக்கு விலை, ஈரத்துக்குக் கழிவு, கலவைக்குக் கனஅளவு மாற்று என்று பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒப்பந்ததாரர்கள் புதிய பொருளை ஒதுக்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கணக்குக் குழப்பங்களால்தான். வேதியியலுக்கு அஞ்சி யாரும் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை.

ஆற்று மணலின் நிலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எம்-சாண்டுக்கென 2023-இல் அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது நல்ல நடவடிக்கை. ஆனால் எம்-சாண்டும் ஒரு குன்றை உடைத்தே வருகிறது; கிரஷர் இருக்கும் ஊர்களில் வீட்டுக் கூரையிலும் பருத்திச் செடியிலும் படியும் புழுதியை அந்த மாவட்டங்களில் பணியாற்றிய ஒவ்வொரு பொறியாளரும் பார்த்திருப்பார். எம்-சாண்டுக்கு அரசு எப்படித் தரச்சான்று முறையை வகுத்ததோ, அப்படியே கசட்டு மணலுக்கும் வகுக்கலாம். எல்லா மணலையும் கசடு ஈடுசெய்யும் என்று நான் வாதிடவில்லை. ஆலையிலிருந்து எட்டும் தூரத்துக்குள் அது பொருந்தும், அதற்கு அப்பால் லாரி வாடகை அதன் ஆதாயத்தை விழுங்கிவிடும். சேலம், நாமக்கல், ஈரோடு, தர்மபுரி மாவட்டப் பணிகளுக்கு அது இன்றே பொருந்துகிறது.

ஆகவே நான் கேட்பவை இவை. கடலோர மாவட்டங்களில் அரசுக் கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் கசட்டுத்தூள் அல்லது ஸ்லாக் சிமெண்டை, நீண்ட நீராற்றலுக்கான தொகையையும் சேர்த்து, விவரக்குறிப்பின் பகுதியாக்குங்கள். எஃகுக் கசட்டைச் சாலையின் அடித்தளத்துக்கும் மேற்தளத்துக்கும் அனுமதிக்கும்போது, எந்த நாளில் உலையிலிருந்து வந்தது, எந்த முறையில் எவ்வளவு காலம் முதிர்விக்கப்பட்டது, வீக்கச் சோதனையின் அளவு என்ன என்ற மூன்று விவரங்களும் உள்ள சான்று ஒவ்வொரு குவியலுக்கும் வேண்டும் என்று டெண்டரில் எழுதுங்கள். அந்தச் சான்று இல்லாத எஃகுக் கசட்டை மனை நிரப்பவோ ஏரிக்கரையில் கொட்டவோ கொண்டுபோகும் லாரிகளைத் தடுக்க, வருவாய்த்துறையோடும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடும் சேர்ந்து ஆணை பெறுங்கள். ஆலைகள் முதலில் முணுமுணுக்கும். முதிர்வித்த சரக்குக்கு நிலையான வாங்குநர் இருக்கிறார் என்று தெரிந்ததும் முற்றமும் நீராவிக் குழாயும் தாமாக வரும். ஊதுலைக் கசட்டில் அப்படித்தான் நடந்தது.

தொடக்கமாக, சேலம் மாவட்டத்தில் கனரக லாரிகள் ஓடும் மாநில நெடுஞ்சாலை ஒன்றில் ஒரு கிலோமீட்டரை முதிர்வித்த எஃகுக் கசட்டாலும், அதை அடுத்த கிலோமீட்டரை வழக்கமான கருங்கல் ஜல்லியாலும் போடுங்கள். கிண்டி நெடுஞ்சாலை ஆராய்ச்சி நிலையம் இரண்டையும் மூன்று பருவமழைகள் கழியும்வரை அளக்கட்டும்: தடம் பதிந்த ஆழம், மேற்பரப்பு எழும்பிய அளவு, ஓரத்துக் கிணறுகளின் நீர்த்தன்மை ஆகிய மூன்றையும். அளவுகள் நல்லதாக வந்தாலும் கெட்டதாக வந்தாலும் அப்படியே தமிழில் வெளியிடப்படட்டும். அந்தப் பணிக்கு என் அனுபவம் பயன்படுமானால், எந்த ஊதியமும் இல்லாமல் தளத்துக்கு வந்து நிற்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உருக்காலைக் கசடு கையாளும் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்,
சேலம்.